அனல் அடித்த ஏ.சி.

அந்தக் காரை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தாத்தா காலத்து வண்டி. அதில் ஹீட்டரும் உண்டு, பிற்பாடு யாரோ பொருத்திய ஏ.சி.யும் உண்டு, இரண்டும் ஒரே துவாரத்தில்தான் ஊதும். அப்பாவுக்குக் கொல்லிமலையில் அரசாங்க வேலை. முழுப் பரீட்சை முடிந்ததும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, விடுமுறை முழுவதையும் ராசிபுரத்தில் பெரியப்பா வீட்டில் கழிப்போம். வீடு நிறையப் பிள்ளைகள், மொட்டை மாடியில் ஆட்டம், சாயங்காலம் ஐஸ். எனக்கு அதுதான் சொர்க்கம். அங்கே அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

அந்த வருடம் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, போன தடவ வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தனுங்க. ஏ.சி. வேல செஞ்சா வாரேன். இல்லீன்னா ஆரும் போவ வேண்டாம்."

அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடுகிற ஆள் இல்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தானே செய்வார். வீடியோவில் இருந்தவர் பேசியது இந்தி. அப்பாவுக்கு இந்தி தெரியாது. பெல்ட்டை மாற்றினார், மலையிறங்கிப் போய் ஏ.சி.க்குக் கேஸ் அடித்துவந்தார், டாஷ்போர்டைப் பிரித்துத் திரும்ப மாட்டியதில் நாலைந்து திருகாணிகள் மிச்சமாயின. என் ஞாயிற்றுக்கிழமைகள் டார்ச் பிடித்தே நாசமாய்ப் போயின. ஏ.சி.யைப் போட்டால் மட்டும் அனல் காற்று முகத்தில் அடித்தது.

என்ஜின் மேல் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. திறந்தால் என்ஜினின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போகும். மழைக்காலத்தில் மலையில் துணி காயாது. அம்மா அந்தக் குழாயைத் திறந்துவிட்டு, காருக்குள் கொடி கட்டி என் சீருடைப் பாவாடையைக் காயவைப்பாள். பெட்ரோலில் துணி காயவைத்த குடும்பம் எங்கள் குடும்பம். பனி விட்டதும் அப்பா குழாயை மூடிவிடுவார்.

"குழாய மூடிட்டீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என் கையால மூடினேன் கண்ணு. டார்ச்ச ஒழுங்காப் புடி."

அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

கடைசி ஞாயிறு அப்பா சாப்பிட உள்ளே போயிருந்தார். அம்மா பானெட்டைத் தூக்கி, முந்தானையால் பிடித்து அந்தக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிதானமாக பானெட்டை இறக்கினாள்.

"துணி காயப் போடோணும் சாமி. அப்பாகிட்டச் சொல்லாத. பெட்ரோல் வீணுன்னு கத்துவாரு."

அப்பா கத்துவார் என்பது உண்மைதான். அதனால் நான் சொல்லவில்லை. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காருக்குள் துணி ஒன்றும் இல்லை.

அப்பா வந்து வண்டியைக் கிளப்பினார். அதே அனல். ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு, இந்த வருடம் யாரும் எங்கேயும் போகவில்லை என்றார். நான் காரின் டயரை உதைத்து உதைத்து அழுதேன்.

அந்த மே மாதம் முழுக்க அம்மா ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடியே வீட்டில் நடமாடினாள். மத்தியானம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். எங்கள் எல்லாருடைய விடுமுறையும் பாழாய்ப் போயிருக்க, இவளுக்கு மட்டும் என்ன இத்தனை சந்தோஷம் என்று எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.