வாத்தியாருக்காக அரைத்த மிளகாய்

ஐம்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் குடியிருந்தோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த என் மகள் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அமெரிக்காவில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்ததைப் பற்றிய பாடமாம். வாத்தியார் நம்மவர்தான். இவள் நிறத்தைக் காட்டிக் கேலி செய்திருப்பார் என்று நினைத்து, மறுநாள் பள்ளிக்கே போய்க் கத்தினேன்.

"அடிமைன்னா யாருன்னு கேட்டேம்மா. 'கூலி கிடையாது, கடைசியாத்தான் சாப்பிடணும், வெளியில விடமாட்டாங்க, எங்க சித்தி மாதிரி'ன்னு சொல்லிட்டு உங்க மகளே அழுதுட்டா," என்றார்.

சித்தி என்றது ராசாத்தியை. என் கொழுந்தனின் விதவை. எங்கள் வீட்டு வேலையெல்லாம் அவள்தான்.

வகுப்பு முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாரே! அந்த நாக்கு வெந்து போக வேண்டும். தீங்கு செய்தவரைத் தண்டிக்கச் சொல்லி, மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசுவது எங்கள் வழக்கம். அதையும் ராசாத்தியைத்தான் அரைக்கச் சொன்னேன்.

கண்ணில் நீர் வழிய அரைத்தவள், "அந்த ஆளு அப்படி என்னக்கா பாவம் பண்ணாரு?" என்று கேட்டாள்.

சொன்னால் அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

விழுதைக் கோயிலுக்கு எடுத்துப் போகப் பயந்துவிட்டேன். கேட்ட தண்டனையை மாரியம்மன் எனக்கே கொடுத்திருப்பாள்.