கிழக்குப் பக்கக் கோல்

எண்பதுகளின் நடுவில் வேலணையில் எங்கள் உதைபந்தாட்ட அணிக்கு இரண்டு கோல் காப்பாளர்கள் இருந்தோம். ஒருவன் நான், மற்றவன் யோகன். யார் விளையாடுவது என்ற சண்டை வேண்டாமென்று ஆளுக்குப் பாதி நேரம் என்று பிரித்துக்கொண்டோம்.

"மச்சான், கிழக்குக் கோல் எப்பவும் எனக்கு, மேற்கு உனக்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம்" என்றான் யோகன்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது நாங்களும் மாறிக்கொள்வோம். அவன் நிற்கும் பாதியில்தான் அதிகம் கோல் விழும்.

"உனக்குக் கண் தெரியேல்லையோடா?" என்று எல்லோரும் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன். அவன் பேசாமல் போய்ப் பந்தை எடுத்துவருவான். நான்தான் கெட்டிக்காரன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் யாழ்ப்பாணம் போன பஸ்ஸை மறித்துச் சோதித்த இராணுவத்தினர் யோகனை இறக்கிக் கொண்டுபோனார்கள். அவனுடைய அம்மா முகாம் முகாமாக அலைந்தார். அவன் வரவேயில்லை.

பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் முழு நேரமும் நானே நின்றேன். இடைவேளை முடிந்து, முதன்முறையாகக் கிழக்குக் கோலுக்குப் போனேன். மாலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. அங்கே வெயில் படும் என்று தெரியும். பந்தே தெரியாது என்று தெரியாது. உயர்ந்து வந்த பந்து சூரியனுக்குள் மறைந்தது. அது என்னைத் தாண்டிப் போனதை எதிரணியின் ஆரவாரத்தில்தான் அறிந்தேன்.

"உனக்குக் கண் தெரியேல்லையோடா?"

"ஓம், தெரியேல்லை" என்றேன்.

யோகன் ஒருநாளும் சொல்லாத பதில் அது. சொல்லியிருந்தால், அந்த வெயிலில் பாதி எனக்கு வந்திருக்கும்.