தொட்டிக்கு ஸலாம் சொல்கிற மாமி

மஹ்மூதா மாமி தொட்டித் தண்ணீருக்குள் சுட்டுவிரலை விட்டு நாக்கு நுனியில் வைத்தால், அடுத்த வருடம் சீனாவில் எத்தனை சூப்புக் கோப்பைகளைக் கழுவி வைப்பது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். உப்புக் கூடினால் மூக்கைச் சுளிப்பார். குறைந்தால் வாளி தூக்குகிற நஜாத்தை முறைப்பார். சரியாக இருந்தால் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவார். குறிஞ்சிப்பிட்டியில் கடல்நீர்க் களப்போரத்துத் தகரக் கொட்டகையில், சீனாக்காரர் சூப்புக்கு வாங்குகிற கடலட்டைக்குக் குஞ்சு பொரிக்க வைப்பது அவர் வேலை. பக்கத்து வீட்டு நஜாத்தான் இதை எழுதுகிறவனும். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் அவனைக் கைவிட்டுவிட்டதால் படம் கீறி விளக்கமாட்டான்.

கொட்டகைக்குள் நுழையும்போது மாமி ஸலாம் சொல்வார். உள்ளே ஆள் இருக்காது. கறுப்பு வலை போர்த்திய அரையிருட்டில் சீமெந்துத் தொட்டிகள், அடியில் மணல், மேலே அசையாத தண்ணீர், அவ்வளவுதான். பகல் முழுக்க ஒன்றையும் காணக் கிடைக்காது. வெயில் சாய்ந்ததும் மணல் மூச்சு விடத் தொடங்கும். அங்கே ஒரு பிளவு, இங்கே ஒரு மேடு. பிறகு, யாரோ உள்ளேயிருந்து தள்ளிவிடுவதுபோல, சாம்பல் நிறத்தில் ஒரு சாண் நீளத்தில் ஒன்று மேலே வரும். கண் இல்லை. முகம் இல்லை. எந்தப் பக்கம் தலை என்று நாம் தேடி முடிப்பதற்குள் அது நம்மைப் பார்த்து முடித்துவிட்டது போலிருக்கும்.

ஒருநாள் நஜாத் மூன்றாம் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து, மாமியின் ஸலாமுக்குக் கரகரத்த குரலில் பதில் சொன்னான். மாமி திடுக்கிடவில்லை. "சளி கட்டியிரிக்கு மகன். கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்றுவிட்டு வாளியை எடுத்தார். இன்னொரு நாள் தொட்டிக்குள் ஒரு பாகற்காயைப் போட்டு வைத்தான். மாமி அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆம்புள. தின்னுது, வளருது, ஒரு வேலைக்கும் உதவுதில்ல" என்று அவன் கையிலேயே வைத்தார்.

சண்டை முடிந்து கடல் திறந்தபோது கற்பிட்டிப் பக்கம் முழுவதும் அட்டை பிடிக்க இறங்கியது. மாமிக்கு அப்போது கரையில் வேலை. வயிற்றைக் கீறுவது, குடலை வழிப்பது, பெரிய கிடாரத்தில் போட்டு அவிப்பது, காயவைப்பது. அந்தச் சாறு ஊறி ஊறி அவர் விரல்களில் ரேகை அழிந்துபோனது. கைநாட்டு வைத்தால் கடதாசியில் வெறும் மைக் கறைதான் விழும். சில வருடத்தில் அட்டை தீர்ந்து களப்பின் அடி வெறும் மணலானது. "கீறினது காணும், இனிப் போதும்" என்று மாமி குஞ்சு பொரிக்கிற பக்கம் வந்துவிட்டார்.

"இதுக்கு வாய் ஒரு அந்தம், மூச்சு மற்ற அந்தம்" என்பார். மூச்சு வருகிற வழி எதுவென்று புரிந்து நஜாத் சிரித்தான். "ஓம், அதேதான். சிரி. உனக்குப் படிப்பு ஏறினதும் அந்த வழியாத்தானே" என்றார். பயந்தால் அது குடல் முழுவதையும் வெளியே கக்கிவிட்டு வெறும் தோலாகக் கிடக்கும். சில கிழமையில் உள்ளே புதுக் குடல் முளைத்துவிடும். பாறைப் பக்கத்துக் கறுப்பு இனம் ஒன்று நடுவில் இறுகி, முறுகி, இரண்டாகப் பிரியும். வாய் இல்லாத பாதிக்கு வாய் முளைக்கும்.

"அப்ப எது மாமி தாய், எது புள்ள?" என்று நஜாத் கேட்டான்.

மாமி வாளியை அவன் பக்கம் தள்ளினார். "அது அதுகள்ற வீட்டுக் கதை. கேக்காத."

ஆண், பெண் வித்தியாசமும் வெளியே தெரியாது. அமாவாசையை ஒட்டிய ஒரு பொழுதில், வெயிலில் சூடேறிய தண்ணீரை ஊற்றினால்தான் தெரியும். ஆண் உடம்பின் முன்பாதியை நாகம்போலத் தூக்கி ஆடும். உச்சியிலிருந்து வெள்ளைப் புகை இழை இழையாக வரும். அந்தப் புகை பட்டால்தான் பெண் எழும்பி முட்டை விடும். "நிக்காஹ் இல்ல, சீதனம் இல்ல, ஒண்டை ஒண்டு தொடுறதும் இல்ல" என்பார் ஆறு பிள்ளை பெற்ற மாமி. "குடுத்து வச்சதுகள்."

ஆனால் தொடர்ந்து இரண்டு அமாவாசைக்கு ஒன்றும் எழும்பவில்லை. கொட்டகைச் சொந்தக்காரர் ஜபார் முதலாளி வாசலில் நின்றே சொல்லிவிட்டார்: "மஹ்மூதா, இந்தத் தரமும் முட்டை விடல்லயெண்டா கிடாரம்தான். நீங்களே கீறித் தாங்க."

அஸர் தொழுதுவிட்டு வந்து, தகர டின்னிலிருந்து பால்மா போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி, நஜாத்துக்கும் ஒரு கோப்பை கொடுப்பது மாமியின் வழக்கம். அன்றும் கொடுத்தார். தன்னுடையதில் பாண் துண்டொன்றைத் தோய்த்தவர் வாய்க்குக் கொண்டுபோக மறந்தார். பாண் கரைந்து கோப்பையின் அடிக்குப் போனது.

அடுத்த அமாவாசையும் வந்தது. அட்டைகளைக் கழுவி, மணல் இல்லாத மூன்றாம் தொட்டிக்கு மாற்றி, வெயில் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அவை விறகுத் துண்டுகள்போலக் கிடந்தன. வாசலில் முதலாளியின் லொறி வந்து நின்றது. பின்பக்கத்தில் கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. மாமி அதை ஒருமுறை பார்த்தார். தன் விரல்களை ஒருமுறை பார்த்தார். தொழப் போய்விட்டார்.

நஜாத்துக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் பால்மா டின் இருக்கிற இடம் தெரியும். உள்ளே இருந்த அத்தனையையும் ஒரு கோப்பையில் கரைத்து, தொட்டியின் மூலையில் மெல்லச் சரித்துவிட்டான். வெள்ளை இழை இழையாக இறங்கியது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! விட்டிரிக்கே!" தொழுகை முடித்து வந்த மாமியிடம் திரும்பினார். "விட்டிரிக்குத்தானே மஹ்மூதா?"

மாமி விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் விரல் அங்கேயே இருந்தது. செத்த குஞ்சைச் செத்தது என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்கிற மனுசி அவர். நஜாத் வெறுங்கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அப்போது மூலையில் கிடந்த ஒன்று முன்பாதியைத் தூக்கியது. காற்று இல்லை. தண்ணீரில் ஒரு நெளிவு இல்லை. அது மட்டும் இடமும் வலமுமாக ஆடியது. பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. பிறகு தொட்டி நெடுக, கண் இல்லாத அத்தனையும், கூப்பிட்டது யாரென்று தெரிந்ததுபோல நிமிர்ந்து நின்று ஆடின. பாதியின் உச்சியிலிருந்து புகை கிளம்பியது, மீதி முட்டை விட்டது. முதலாளி கழற்றிய தொப்பியைத் திரும்பப் போட மறந்தார். வெளியே லொறிக்காரன் ஹோன் அடித்தது வேறு ஏதோ ஊரில் கேட்பது போலிருந்தது.

"விடுது முதலாளி" என்றார் மாமி. "கிடாரத்தைக் கொண்டு போங்க."

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கும்வரை மாமி ஆடியவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார், கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை மெல்லிய துணியில் வடித்தார், புதுத் தண்ணீர் விட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார்.

பிறகு அடுப்பை மூட்டினார். பால்மா டின் இருந்த பக்கம் கையை நீட்டவேயில்லை. மூடியைத் திறந்து பார்க்கவுமில்லை. கறுத்த வெறும் தேத்தண்ணீரை இரண்டு கோப்பையில் ஊற்றி, ஒன்றை நஜாத்தின் கையில் வைத்து, அவன் முதல் மிடறை விழுங்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.