ட்ரிப் ஆகாத வண்டி

எங்கள் கார் வாங்கும்போதே பழையது. கார்புரேட்டர் காலத்து வண்டி. குவார்ட்டர்ஸ் வாசலில் அது நிற்பதைப் பார்த்து, ஸ்கிராப் ஏலத்துக்கு ஏற்றிப்போக லாரி வரவில்லையா என்று விசாரித்தவர்கள் உண்டு. அதற்கு இருந்த கெட்ட பழக்கம் ஒன்றுதான். நின்ற இடத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துவிடும்.

ஒரு நாள் எங்கள் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் அருகே, இரண்டு மணி ஷிப்ட் பஸ்கள் வரிசையாகத் திரும்பும் நேரம் பார்த்து அணைந்தது. எனக்குப் பின்னால் ஏழு பஸ். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம், ஒவ்வொரு முகத்திலும் ஒரு யோசனை. மறுநாள் ஸ்டோர்ஸ் பிரிவில் நான் பதிவேட்டைத் திறப்பதற்குள் நான்கு பேர் வந்து கார் நலமா என்று கேட்டுவிட்டார்கள். இந்த டவுன்ஷிப்பில் ஒருவன் இறந்துபோனால்கூட இரண்டு ஷிப்ட் கழித்துத்தான் செய்தி பரவும். கார் நின்றால் அப்படியில்லை.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரரிடம் சரணடைந்தேன். அவர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆப்பரேட்டர். ஓடுகிற யூனிட் திடீரென்று ட்ரிப் ஆகி நின்றுபோவதைத் தவிர வேறு பாவம் எதையும் அவர் நம்புவதில்லை. பானெட்டைத் திறந்து, வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து, எஞ்சினின் முனகல் மிக்ஸியின் சத்தமாக மாறும்வரை திருப்பினார்.

"இனிமே ட்ரிப் ஆவாது சார். நீங்களே சாவியைத் திருப்புனாக்கூட ஒரு செகண்டு யோசிக்கும்" என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. வண்டி அணையவே இல்லை. ஆனால் கியர் பிடிக்க மறுத்தது. நின்ற வண்டியில் கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டால், ஆட்டுக்கல்லில் எலும்பைப் போட்டு ஆட்டியதுபோல் கரகரத்தது. இரண்டாவதுக்கு மாற்றும்போது எஞ்சின் வேகம் இறங்காமல் அப்படியே நிற்க, வண்டி முன்னால் ஒரு குதி குதித்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கிளம்பிப் போயிற்று. ரிவர்ஸ் மட்டும் என்ன செய்தாலும் விழாது.

காரணம் எனக்குத் தெரியும். அதுதான் இந்தக் கதையில் என் பங்கு. கார்புரேட்டர் பற்றி ஒரு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவன் நான். ஐடில் ஏறிக் கிடந்தால், கிளட்ச்சை மிதித்த பிறகும் கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். வேகம் அடங்குமுன் கியரைத் தள்ளினால் பல்லோடு பல் மோதும். ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கினால் போதும். இறக்கினால் ஆர்ச் கேட்டில் மறுபடி அணையலாம். ஏழு பஸ்ஸையும் நினைத்துப் பார்த்தேன். இறக்கவில்லை.

இதற்கிடையில் மனைவி ஓட்ட ஆரம்பித்தாள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்துப் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். ஜூனிலிருந்து டவுன்ஷிப்புக்குப் பள்ளி வேன் வராது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை நம்பினால் முதல் பீரியட் போய்விடும். சொந்த வண்டியில் வர வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். பதினெட்டு வருடமாக பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் தூங்கிய லைசென்ஸை எடுத்து வெளியே வைத்தாள்.

முதல் நாளே கரகர.

"கிளட்ச்ச முழுசா மிதிக்கல நீ" என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது அந்த வாக்கியம். ஏப்ரல் முழுக்க அதையே சொன்னேன். அவள் தரையோடு தரையாக மிதித்தாள். இடது முழங்காலுக்கு இரவில் தைலம் தேய்த்துக்கொண்டாள். தைலத்தை நான்தான் வாங்கி வந்தேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கடினமாக இருந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு ஸ்க்ரூ விஷயம். இருபதாம் நாள் அது என் குணம் பற்றிய விஷயம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மாட்டினோம். எதிரே தண்ணீர் லாரி. இடப்பக்கம் சாக்கடை, வலப்பக்கம் தள்ளுவண்டி. பின்னால் மட்டும் இடம் இருந்தது. ரிவர்ஸ் விழவில்லை. அவள் மிதித்தாள், தள்ளினாள், கரகரத்தது. மறுபடி மிதித்தாள். கண்ணாடிகள் ஏறியிருந்தன, வேர்த்தது, நான் பெல்ட்டுக்குள் கட்டுண்டு கிடந்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்த ஆட்கள் கிளாஸோடு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வரலைங்க. எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் அவள், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. வேலையை விடுவதைச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது.

லாரி டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "எஞ்சின அமத்திட்டு ரிவர்ஸ் போடும்மா. அப்பறம் கிளட்ச்ச மிதிச்சிகினே ஸ்டார்ட் பண்ணு" என்றார். செய்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. வண்டி பின்னால் போனது. கடந்து போகும்போது அவர் லாரியிலிருந்து குனிந்து, "யாரும்மா ஐடிலை இந்த ஏத்து ஏத்தி வச்சிகினு ஓட்டறது? உன் கால்ல ஒண்ணும் குத்தமில்ல" என்றார்.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"யாரு ஏத்துனது?"

பாய்லர் ஆப்பரேட்டரின் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் சாக்கடை என் பக்கம்.

"பக்கத்து வீட்டு சார்" என்றேன். பிறகு, "நான்தான் ஏத்தச் சொன்னேன். இதனாலதான் கியர் விழலைன்னும் எனக்குத் தெரியும்."

"எப்பத்திலேருந்து?"

"நீ ஓட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிலேருந்து."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். திட்டியிருந்தால் வீடுவரை வசதியாக வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கினாள். ஸ்க்ரூ எது என்று காட்ட மட்டும் எனக்கு அனுமதி. அரைச் சுற்று, பிறகு காது கொடுத்துக் கேட்டுக் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். அணைந்துவிடும் என்று எச்சரித்தேன்.

"அணையட்டும். திருப்பி ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்றாள்.

பள்ளி திறந்த அன்று காலை நான் சைக்கிளில் டியூட்டிக்குப் போனேன். ஆர்ச் கேட்டில், சொல்லிவைத்தாற்போல், ஷிப்ட் பஸ்களுக்கு முன்னால் எங்கள் கார் அணைந்தது. ஜன்னல்களில் முகங்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. ஸ்டார்ட் செய்தாள், முதல் கியர் போட்டாள். இருபதடி தள்ளி நின்ற எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. வண்டி முத்தாண்டிக்குப்பம் திசையில் திரும்பிப் போனது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டு, சார் உங்க வண்டி மறுபடி நின்னுடுச்சே என்றார்கள்.

ஆமாம் என்றேன்.