நான் குடியிருக்காத அறை

லண்டனில், செவன் கிங்ஸில் எனக்குக் கிடைத்த முதல் இடம், ஒரு வீட்டின் பின்வளவில் இருந்த கொட்டில். தோட்டச் சாமான் வைக்கவென்று அனுமதி வாங்கிக் கட்டிவிட்டு, வீட்டுக்கார அண்ணை அதற்குள் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்ய விசா எடுத்து வந்த எனக்கு அது போதும். ஆனால் சம்பளம் போட வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க, இருக்கிற விலாசத்துக்கு ஆதாரம் வேண்டும். நான் அங்கே இருப்பதாக எழுதித் தரும்படி அண்ணையைக் கேட்டேன். சட்டப்படி அங்கே மண்வெட்டிதான் இருக்கலாம், ஆள் இருக்க ஏலாது என்று மறுத்துவிட்டார்.

ஒரு நாள் காலை, கட்டடங்களைச் சோதிக்க உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஆள் வருவதாக அறிந்து அண்ணை ஓடிவந்தார். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திப் போர்வையால் மூடினோம். அவருடைய வீட்டு ட்ரெட்மில்லை இழுத்துவந்து நடுவில் வைத்தோம்.

"தம்பி, இது ஜிம். நீர் இங்க இருக்கேல்லை. எக்ஸர்சைஸ் செய்ய வாறனீர். விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

வந்தவர் மிகவும் மரியாதையான பெண். நான் ஒரு கையால் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தேன். இங்கே வசிக்கிறீர்களா என்று கேட்டார். மூச்சு வாங்க, இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து மூலையில் ரைஸ் குக்கர் 'டக்' என்றது. மூவரும் அதைப் பார்த்தோம். ஓடினால் பசிக்கும்தானே என்று அண்ணை விளக்கினார். அந்தப் பெண் தலையாட்டி, என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் வாசலைத் தாண்டும்வரை நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

சில நாட்களில் கவுன்சில் கடிதம் வந்தது. கொட்டிலில் வசிப்பது சட்டவிரோதம், வெளியேற வேண்டும் என்று, அந்தக் கொட்டிலின் விலாசமிட்டு என் முழுப்பெயருக்கே அனுப்பியிருந்தார்கள். லண்டனில் எனக்கு வந்த முதல் கடிதம். அண்ணை தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் பெயரையும் விலாசத்தையும் சரிபார்த்து, கவுன்சில் கடிதம் என்றால் நல்லது என்று நகல் எடுத்தார். மிச்சத்தை அவர் வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

பிறகு நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே அறை கிடைத்தது. என் பெட்டியை அண்ணைதான் தன் காரில் ஏற்றி வந்தார். இறக்கி வைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"உம்மட வேலையிடத்தில ஆருக்கும் அறை தேவையெண்டால் சொல்லும். கவுன்சில் இப்போதைக்குத் திரும்ப வராது."