எரோனியின் இடது முதுகு

லௌடோகா என்ற தீவு நகரத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் எரோனிக்கு, அண்ணன் வாய்சாகே செத்தபோது அழுகை வரவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வந்த காய்ச்சல் ஒரே வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. ஊரே கூடி ஒப்பாரி வைத்தது. இவன் மரவள்ளிக்கிழங்கு சுமந்தான், பந்தல்கால் நட்டான், வந்தவர்களுக்கெல்லாம் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தான். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"கூடப் பொறந்தவன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா பாரு" என்று அத்தைமார் பேசியது அவன் காதிலும் விழுந்தது. மனைவி லொசாலினி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அழவேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான், வந்தால்தானே!

புதைத்த அன்று, செத்தவருக்காக நூறு இரவு முடியும்வரை ஆளுக்கொன்றை விடுவதாகச் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருத்தர் முடிவெட்ட மாட்டேன் என்பார், ஒருத்தர் பாட்டுக் கேட்க மாட்டேன் என்பார். எரோனியோ ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவன். போட்டியும் அந்த நூறு இரவுக்குள்தான் வருகிறது. புத்தியுள்ளவன் யங்கோனாவை விட்டுவிட்டுப் போயிருப்பான். இவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"கனமான இரும்பைத் தொடமாட்டேன்" என்றான்.

மாமன் மகன் சிமியோனே தலையில் அடித்துக்கொண்டான். மாமன் மகனுக்கு அங்கே எழவு வீட்டிலும் கேலி பேச உரிமை உண்டு.

"ஏன் மச்சான், முடிவெட்ட மாட்டேன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே? ஓ, உனக்குத்தான் தலையில ஒண்ணும் இல்லியே!"

"சொல்லிட்டேன்."

"சொன்ன வாயில கெழங்க வச்சு அடைக்கணும். போட்டிக்கு என்னத்தக் காட்டப்போற, கும்பிடா?"

பெரியவர்கள் முன்னால் சொன்னதை மாற்ற முடியாது. அடுத்த வாரம், சந்தைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகை ஜிம்முக்கு அண்ணன் இல்லாமல் போனான். சிமியோனே கூட வந்தான். கப்பியில் தொங்கும் கம்பியைத் தலைக்கு மேலிருந்து மார்புக்கு இழுப்பதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் உயிரான பயிற்சி. எடைத் தட்டுக்கு மேல் தட்டாக ஏற்றிக்கொண்டு, உடம்பை உலுக்கி உலுக்கி இழுப்பான் எரோனி. அண்ணன் இடது பக்கம் நின்று கம்பியை இழுக்கக் கைகொடுப்பான். இத்தனை செய்தும் மேடையில் முதுகைக் காட்டி நின்றால் வலப்பக்கம் மட்டும் விரியும். இடப்பக்கம் கோபித்துக்கொண்டதுபோல் சுருங்கிக் கிடக்கும். வருஷா வருஷம் அங்கேதான் தோற்றான். எடை போதவில்லை என்று இன்னொரு தட்டை ஏற்றுவான்.

இப்போது சொன்ன சொல்லுக்காக இலேசான தட்டு ஒன்றே ஒன்றைப் போட்டு இழுத்தான். வலது முழங்கை இறங்கியது. இடது தோள் காதுவரை ஏறிக்கொண்டு மேலேயே நின்றது.

"என்ன மச்சான், நொண்டிக் கோழியாட்டம் இழுக்கிற?" என்றான் சிமியோனே.

எரோனி இடது தோளைத் தொட்டுப் பார்த்தான். இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்தை இழுத்தது தான் அல்ல, அண்ணன் கை என்று புரிந்தது. புரிந்தும் அழுகை வரவில்லை. மறுபடி கம்பியைப் பிடித்தான்.

கனம் இருந்தால் உடம்பை உலுக்கி ஏமாற்றலாம். இலேசான தட்டிடம் ஏமாற்ற ஒன்றுமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் தோளை இறக்கி, பிறகு முழங்கையை இடுப்புக்குக் கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தி, மெல்ல விடவேண்டும். நாள்கணக்கில் அதையே செய்தான். ஒரு சாயங்காலம் இடது தோள்பட்டைக்குக் கீழே ஏதோ லேசாகச் சுருண்டது. கண்ணாடி முன் நின்று, கம்பியில்லாமல் அதே தோளை இறக்கினான். மேடையில் தேடித் தேடி நடுங்கிய சதை, கூப்பிட்ட உடனே வந்தது.

"அட, குடியிருக்கிற வீட்டுல இன்னொரு அறை இருந்திருக்கு பாரேன்!" என்றான் சிமியோனே.

போட்டியன்று மண்டபம் நிறைந்திருந்தது. உடம்பில் எண்ணெய் தடவும்போதும், பெயரைக் கூப்பிட்டபோதும் எரோனிக்குப் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. முதுகைக் காட்டச் சொன்னார்கள். கூட்டத்துக்கு முதுகையும் கறுப்புத் திரைக்கு முகத்தையும் கொடுத்து நின்று, தோளை இறக்கி, முழங்கைகளை விரித்தான்.

இரண்டு பக்கமும் விரிந்தது. மண்டபம் அதிர்ந்தது.

"ரெண்டும் மச்சான், ரெண்டும்!" என்று பின்வரிசையிலிருந்து சிமியோனே கத்தினான்.

இடது பக்கம் யாரும் கைகொடுக்கவில்லை. முழுக்க அவனே பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே நிற்க அண்ணன் இல்லை. வாய்சாகே செத்துப்போய்விட்டான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

திரையைப் பார்த்தபடி வாய்விட்டு அழுதான். கைதட்டலில் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முதுகு கொஞ்சமும் ஆடவில்லை. நடுவர்கள் முன்னால் திரும்பச் சொன்னார்கள். இன்னொரு முறையும் சொன்னார்கள். அவன் நனைந்த முகத்தோடு திரும்பியதும் முன்வரிசையில் லொசாலினி எழுந்து நின்றாள்.