ஊர் கேட்காத மேசை

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்த நாட்களில், விலை கட்டுப்படியாகிற ஒரு இத்தாலிய உணவகத்தைத் தேடி பெங்களூரில் நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறேன். அந்தச் சாப்பாட்டின் மேல் ஆசையெல்லாம் இல்லை. சீஸ் வாசனை பட்டாலே எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆகிவிடும்.

எல்லாம் எங்கள் ஆபீஸ் கேப் வண்டியில் வந்த ஒரு பெண்ணுக்காக. அவளும், அதே கேப்பில் முன்சீட்டில் வரும், பெங்களூர் அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்த அடுகோடிக்காரனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் அவள்மேல் ஒரு இது இருந்தது. நான் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் சொல்லிவிட்டான். இரண்டு பேருமே என் நண்பர்கள் என்பதால் கோபப்படவும் வழியில்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஆரணியிலிருந்து வருவதாக இருந்தது. தன் பதவி உயர்வுக்கு நண்பர்களுக்கு விருந்து என்று சொல்லி, கூட்டத்தோடு கூட்டமாக அவனையும் அப்பாவுக்குக் காட்டிவிடுவது அவள் திட்டம். முதலில் அவனை அவருக்குப் பிடிக்கட்டும், விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

"நம்ம மெஸ்ஸுக்கே போலாமே" என்றேன்.

"மெஸ்ல உக்காந்தா சாம்பார் ஊத்தறதுக்குள்ள எந்த ஊருன்னு கேப்பாரு. பொரியல் வந்தா எந்தத் தெரு. இலைய மூடறதுக்குள்ள சாதி வரைக்கும் போயிடுவாரு. அவருக்கே எப்படிச் சாப்பிடறதுன்னு தெரியாத இடமா இருக்கணும்டா."

அடுகோடிக்காரனின் பயமும் அதுதான். "எனக்கு ஏது மச்சா ஊரு? எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம். அடுகோடின்னு சொன்னா உடுவாரா?"

தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்திராநகரில் நான் பார்த்த இடங்களில் ஒரு தட்டு பாஸ்தாவின் விலைக்கு நாங்கள் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் ஒரு வாரம் சாப்பிடலாம். விலை படிந்த இடத்தில் வாசலிலேயே பார் இருந்தது. பார் இல்லாத இடத்தில் இடுப்புவரை உயரமான ஸ்டூல் போட்டிருந்தார்கள், அவள் அம்மா அதில் ஏறி உட்கார முடியாது. போன் காட்டிய படங்களை நம்பாமல் ஒவ்வொன்றாக நேரில் போய்ப் பார்த்தேன். கடைசியில் தொம்மலூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அகப்பட்டது. சாதாரண நாற்காலி, சைவத்துக்குத் தனி அடுப்பு, எங்கள் சட்டைப்பை தாங்கும் விலை. படிகளில் கைப்பிடி இருக்கிறதா என்றுகூடப் பார்த்து வைத்தேன். என் அக்கா கல்யாணத்துக்குக்கூட நான் மண்டபம் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஏழு பேர் உட்கார்ந்தோம். அப்பாவின் கேள்விகள் நேராக அவன்மேல் விழக்கூடாதென்று நான் முந்திரிக்கொட்டை மாதிரி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று சாப்பாடு வந்த பிறகுதான் புரிந்தது. பாஸ்தாவை எப்படிச் சுற்றுவதென்று அப்பா என்னைத்தான் கேட்டார். பீட்சாவைக் கையால் எடுக்கலாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. பரிமாறியவரும், இடம் பதிவு செய்தவன் நான் என்பதால், என்னிடமே வந்து வந்து கேட்டார். அம்மாவுக்குக் காரம் போதவில்லை என்று மிளகாய்த்தூள் கேட்டு வாங்கியதும் நான்தான். அடுகோடிக்காரன் என் தோளுக்குப் பின்னால் வாயே திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் அவள் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். எழுந்து இடம் மாறவும் வழி தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி கை கழுவும் இடம் தேடினார். காகிதத் துண்டில் துடைத்துக்கொள்வதெல்லாம் அவருக்குச் சரிப்படவில்லை. உள்ளே அழைத்துப்போனேன். குழாயைத் திறந்துகொண்டே கேட்டார்.

"தம்பி எந்த ஊரு?"

"திண்டிவனம், அங்கிள்."

"அடடே, நம்ம பக்கம்தான்." நிதானமாகக் கை கழுவினார். "வந்ததுலேந்து பாத்துக்கினுதான் இருக்கேன். வயசானவங்களுக்கு என்ன வேணும்னு பாத்து இடம் புடிச்சிருக்கீங்க. இந்தக் காலத்துல யாரு செய்யறா? வீட்டுல உங்களுக்குப் பொண்ணு பாக்கறாங்களா?"

பாழும் மனசு ஒரு நொடி துள்ளியது. ஊர் சரியாக இருந்தது, அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அடுத்த நொடி, வெளியே மேசையில் அவள் உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்தது.

"இடம் பாத்தது நான் இல்ல அங்கிள். என் பக்கத்துல உக்காந்திருந்தானே, அவன்தான். நான் போன் பண்ணி டேபிள் சொன்னேன், அவ்வளவுதான். அம்மா ஏறணுமேன்னு மாடிப்படிகூட வந்து பாத்துட்டுப் போனான்."

"அப்படியா? அந்தப் புள்ள வாயே தொறக்கலையே."

"அவன் அப்படித்தான் அங்கிள்."

முகம் கழுவும் சாக்கில் நான் சற்றுத் தாமதித்தே வெளியே வந்தேன். அப்பா என் நாற்காலியில் உட்கார்ந்து அவனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்ல, அவர் தலையாட்டினார். நான் அவருடைய காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது அவளும் அவனும் தொம்மலூரிலேயே குடியிருக்கிறார்கள். அவள் அப்பா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். போன மாதமும் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாப்ள அன்னிக்கு ஊரெல்லாம் அலைஞ்சி எங்களுக்குன்னு ஒரு கடை புடிச்சாரு பாருங்க, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்." அடுகோடிக்காரன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவள் எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். எனக்கு வயிறு நிறைந்திருந்தது. இருந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை.